கடை வாசலில் உறங்கும் மனிதர்கள்

இரவு பத்து மணிக்கு மேல் மண்ணடியிலும் பாரிமுனையிலும் கடைகளின் ஷட்டர்கள் இறங்குகின்றன. பூட்டை ஒருமுறை இழுத்துப் பார்த்துவிட்டு நாம் வீட்டுக்குக் கிளம்புகிறோம். நாம் போவதற்காகவே காத்திருந்த சிலர் அந்தப் படிகளில் அட்டையை விரித்துப் படுக்கின்றனர். காலையில் நாம் வருவதற்குள் எழுந்து போய்விடுகின்றனர். இதைக்கூடப் பொறுக்காமல் படியில் தண்ணீர் ஊற்றிவிட்டுப் போகிற வியாபாரிகள் உண்டு. கூரான கம்பி பதித்தவர்களும் உண்டு. அவர்களில் நம் சமுதாயத்தவர் ஒருவர்கூட இல்லை என்று நெஞ்சில் கை வைத்துச் சொல்ல முடியுமா?

மஸ்ஜிதுந் நபவியின் திண்ணையில் வீடில்லாத தோழர்கள் தங்கியிருந்த வரலாற்றை நாம் அறிவோம். அபூஹுரைரா (ரலி) அவர்களும் அந்தத் திண்ணைத் தோழர்களில் ஒருவர். மேடைதோறும் இதைச் சொல்லிக் கண் கலங்குகிறோம். இஷா தொழுகை முடிந்ததும் பள்ளிவாசல் கேட்டைப் பூட்டுகிறோம். திருட்டுப் பயம் என்கிறார்கள் நிர்வாகிகள். அந்தப் பயம் பொய்யல்ல. ஆனால் படுத்திருப்பவன் எல்லாம் திருடன், சோம்பேறி, குடிகாரன் என்று நாமே முடிவு கட்டிவிடுகிறோமே, அதுதான் அநியாயம். நம் கடைக்கு மூட்டை தூக்குபவரும், நம் வீட்டுக் கல்யாணத்தில் எச்சில் தட்டு எடுத்தவரும், பிள்ளைகள் கைவிட்ட முதியவரும் அந்தக் கூட்டத்தில் இருக்கிறார்கள். பாரிமுனைப் பகுதியில் தலைமுறை தலைமுறையாக நடைபாதையிலேயே பிறந்து வளர்ந்த குடும்பங்கள் இருக்கின்றன. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பு நாடு முழுவதும் 17 லட்சத்து 70 ஆயிரத்துக்கும் அதிகமான வீடற்றவர்களைப் பதிவு செய்தது. பிப்ரவரி 28 அன்று ஒரே இரவில் தெருத் தெருவாகப் போய் எண்ணிய கணக்கு அது. விடுபட்டவர்கள் எத்தனை பேரோ, அல்லாஹ்வே அறிவான்.

நகரங்களில் ஒரு லட்சம் மக்கள்தொகைக்கு ஒரு காப்பகம் வேண்டும், அது வருடம் முழுவதும் இரவு பகல் திறந்திருக்க வேண்டும் என்று 2010ஆம் ஆண்டு வாக்கில் உச்சநீதிமன்றம் உத்தரவிட்டது. 2013இல் வந்த மத்திய அரசுத் திட்டம் ஒருவருக்கு 50 சதுர அடி இடம் என்றுகூட வகுத்தது. சென்னை மாநகராட்சி காப்பகங்களைக் கட்டி, தொண்டு நிறுவனங்களிடம் நடத்தக் கொடுத்திருக்கிறது. அரசு மருத்துவமனைகளுக்கு அருகிலும் சில உண்டு. வெளியூரிலிருந்து நோயாளியுடன் வந்து மரத்தடியில் படுக்கும் உறவினர்களுக்கு அவை பெரிய உதவி. இத்தகவலே நம்மில் பலருக்குத் தெரியாது.

வீடற்றவர்களிலும் மிகப் பரிதாபமான நிலை மனநோயாளிகளுடையது, குறிப்பாகப் பெண்களுடையது. கிழிந்த ஆடையுடன், தனக்குள் பேசிக்கொண்டு நடக்கும் பெண்ணைக் கண்டால் நாம் தெருவின் மறுபக்கம் போய்விடுகிறோம். அப்படி ஒரு பெண்ணைப் பார்த்து ஒதுங்கிப் போகாத இரண்டு இளம்பெண்கள், வந்தனா கோபிகுமாரும் வைஷ்ணவி ஜெயக்குமாரும், 1993இல் சென்னையில் தொடங்கிய நிறுவனம்தான் 'தி பேன்யன்'. ஆலமரம் என்று பொருள். அப்போது அவர்கள் இருபதுகளின் தொடக்கத்தில் இருந்தவர்கள். நம் இளைஞர்கள் இந்த வயதைக் கவனிக்க வேண்டும்.

தெருவிலிருந்து அழைத்து வந்து, குளிப்பாட்டி, உடை கொடுத்து, மருத்துவம் பார்க்கிறார்கள். மாதங்கள் கழிந்து தெளிவு வந்ததும் அந்தப் பெண் தன் ஊரின் பெயரைச் சொல்லுகிறார். சிலருக்குத் தமிழே தெரியாது. ரயில் மாறி மாறி வந்து சேர்ந்த வட மாநிலத்தவர்கள். அவர்களையும் கூட்டிக்கொண்டு போய் வீட்டைத் தேடிச் சேர்க்கிறார்கள். வீட்டார் ஏற்க மறுத்தால்? அவர்களுக்காக 2015இல் தொடங்கப்பட்டது 'ஹோம் அகெய்ன்'. சாதாரணத் தெருவில் வாடகை வீடு பிடித்து, நான்கைந்து பேர் ஒரு குடும்பமாக வாழ்கிறார்கள். தாங்களே சமைக்கிறார்கள், கடைக்குப் போகிறார்கள். முடிந்தவர்கள் வேலைக்கும் போகிறார்கள். துணைக்கு ஒரு பணியாளர் இருக்கிறார்.

இதைப் படிக்கும்போது ஏர்வாடி நினைவுக்கு வராமல் இருக்குமா? 2001 ஆகஸ்ட் 6 அதிகாலையில் தனியார் மனநலக் காப்பகத்தின் கொட்டகை தீப்பற்றியது. காலில் சங்கிலி இருந்ததால் ஓட முடியாமல் கருகியவர்களையும் சேர்த்து 28 பேர் மாண்டனர். தர்காவில் குணமாகும் என்று நம்பி உறவினர்கள் கொண்டுவந்து விட்டவர்கள் அவர்கள். தர்கா பற்றிய கொள்கை விவாதத்தை வேறு பக்கங்களில் வைத்துக்கொள்வோம். சங்கிலி கட்டியதும், அதற்கு மாதாமாதம் காசு வாங்கியதும் எந்தக் கொள்கையிலும் நியாயமாகாது. அந்தச் சங்கிலிகளைப் பார்த்துக்கொண்டே எத்தனை வருடம் நாம் ஜியாரத்துக்குப் போய் வந்தோம்! பின்னாளில் ஏர்வாடியிலேயே மருந்தும் துஆவும் சேர்ந்த 'தவா - துவா' திட்டத்தில் மனநல மருத்துவர்கள் வந்து அமர்ந்தது ஆறுதலான மாற்றம். சங்கிலியால் கட்டுவதை 2017 மனநலப் பாதுகாப்புச் சட்டம் தடை செய்துவிட்டது.

அதே சட்டத்தின் 100ஆவது பிரிவை நம் இளைஞர்கள் மனப்பாடம் செய்ய வேண்டும். மனநோயால் தன்னைக் காத்துக்கொள்ள முடியாமல் திரிபவரைப் பாதுகாப்பில் எடுப்பது அந்தப் பகுதி காவல் நிலையத்தின் கடமை. 24 மணி நேரத்துக்குள் அரசு மருத்துவமனைக்குக் கொண்டு செல்ல வேண்டும். வீடற்றவர் என்றால் காணாமல் போனவர் என்று முதல் தகவல் அறிக்கை பதிந்து குடும்பத்தைத் தேட வேண்டும். ஸ்டேஷனில் "இது எங்க வேலை இல்லை" என்றால் இந்தப் பிரிவைச் சொல்லுங்கள். நான்கு பேராகப் போங்கள், எழுதிக் கொடுங்கள்.

கொரோனா காலத்தில் சொந்தப் பிள்ளைகளே நெருங்க அஞ்சிய உடல்களை, மதம் பாராமல் அடக்கம் செய்தவர்கள் நம் இளைஞர்கள். நாடே பார்த்தது. அந்தக் கைகள் உயிரோடு இருக்கும்போதே இவர்களிடம் நீள வேண்டும்.

வியாபாரிகளுக்கு ஒரு வார்த்தை. ரமளானில் கடை வாசலில் வரிசை நிறுத்திப் பத்தும் இருபதும் கொடுப்பதால் யாருடைய வறுமை தீர்ந்தது? ஜகாத்தை மஹல்லா அளவில் ஒன்று திரட்டினால் வீடில்லாத குடும்பத்துக்கு அட்வான்ஸ் கொடுத்து ஓர் அறை பிடித்துத் தரலாம். ஒரு முகவரி கிடைத்தால் ரேஷன் கார்டுக்கும் பள்ளிக்கூடத்துக்கும் வழி பிறக்கும். ஸதகாவுக்கு மதம் கேட்க வேண்டியதே இல்லை.

வாடகை வீடுகள் வைத்திருப்பவர்கள் நம்மில் பலர். பெயரைக் கேட்டதும் "வீடு காலி இல்லை" என்று கதவைச் சாத்துகிற வேதனையை நம்மைவிட அறிந்தவர் யார்? குணமாகி வந்த பெண்களுக்கு வீடு தேடிப் போகும் தொண்டு நிறுவனத்தாருக்கும் அதே பதில்தான் பல இடங்களில் கிடைக்கிறது. அவர்கள் இலவசமாகக் கேட்கவில்லை, வாடகைக்குத்தான் கேட்கிறார்கள். உங்கள் வீடுகளில் ஒன்றைக் கொடுங்கள். அக்கம்பக்கத்தார் முகம் சுளித்தால் ஜமாஅத் தலைவர் நேரில் போய்ப் பேசட்டும்.