‘குடிகாரன்’ என்பது நோயின் பெயரல்ல



கணவரோ மகனோ மருத்துவமனையிலிருந்து கொண்டுவரும் தாளில் ‘எஃப்10’ என்று இருந்தால் வெட்கப்பட்டு மறைக்காதீர்கள். படியுங்கள்.

உலகச் சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியல் பத்தாம் பதிப்பில், மதுவினால் வரும் கோளாறுகளுக்கான எண் அது. புள்ளிக்குப் பின்வரும் இலக்கம்தான் முக்கியம். 0 என்றால் அன்றைய போதை. 1 என்றால் உடலையோ மனத்தையோ கெடுத்துவிட்ட குடி. 2 என்றால் விட நினைத்தும் விடமுடியாத அடிமைநிலை. 3 என்றால் திடீரென நிறுத்தியதும் வரும் நடுக்கம். இது உயிருக்கே ஆபத்தாகலாம், வீட்டில் வைத்திருக்காதீர்கள். 2022-இல் நடப்புக்கு வந்த பதினோராம் பதிப்பில் இந்த எண் 6சி40.

ஒருநாள் போதையில் விழுந்தவருக்கு 2 என்று எழுதிவிட்டால், காப்புறுதி பாரத்திலும் முதலாளியின் மேசையிலும் அது அவரைத் துரத்தக்கூடும். ஆறு அறிகுறிகளில் மூன்றாவது ஓராண்டுக்குள் சேர்ந்து காணப்பட்டால்தான் அடிமைநிலை. மாறாக, உண்மையில் 2-இல் இருப்பவரைக் ‘குடிகாரன்’ என்று திட்டி அனுப்பிவிட்டால் சிகிச்சையே கிடைக்காது. இரண்டுமே அநீதி.

ஆகவே கேளுங்கள்: “டாக்டர், என்ன எண் எழுதினீர்கள்? எதனால்?” மலாயில் கேட்கத் தயக்கமென்றால் படித்த பிள்ளையை உடன் அழைத்துச் செல்லுங்கள்.

நியாயமின்றி வேலைநீக்கம் செய்தால், 1967-ஆம் ஆண்டு தொழில் உறவுச் சட்டம் 20-ஆவது பிரிவின்படி, 60 நாட்களுக்குள் தொழில் உறவு இலாகாவில் மனுக் கொடுங்கள். “அடுத்த மாதம் பார்க்கலாம்” என்று இருந்துவிடாதீர்கள்.

நம் சமுதாயத்தைக் குடிகாரச் சமுதாயம் என்று ஏசுவோர் பலர். நோயாளிக்கு வேண்டியது ஏச்சல்ல, சிகிச்சை. அதைக் கேட்டு வாங்குவது நம் உரிமை!