நிபுணர் வாக்கும் ஜனங்கள் வாக்கும்

நீடாமங்கலத்துக்கு அருகே மூணாற்றுத் தலைப்பில், வெண்ணாற்றின் நீர் வெண்ணாறு, கோரையாறு, பாமணியாறு என மூன்றாகப் பிரித்து விடப்படுகிறது. மதகைத் திறக்கும் லஸ்கர் நீரளவையும் பார்க்க வேண்டும். கடைமடைக்காரரின் முறையீட்டையும் கேட்க வேண்டும். அளவை மட்டும் பார்த்தால் பயிர் காயும். கூச்சலுக்கு மட்டும் செவிசாய்த்தால் கரை உடையும். ராஜ்யத்தை நடத்தும் மந்திரிகளுக்கும் இதுவே நியதி. ஆயின் அவர்கள் செய்வது வேறு. தமக்கு அனுகூலமானபோது "நிபுணர் சொல்கின்றனர்" என்பர். பிரதிகூலமானபோது "ஜனங்கள் விரும்பவில்லை" என்பர்.

மீத்தேன் திட்டத்தின் கதையை நம் ஜில்லாவாசிகள் மறந்திருக்கமாட்டார்கள். 2010-இல் மத்திய சர்க்கார் ஒரு கம்பெனியுடன் ஒப்பந்தம் செய்துகொண்டது. 2011 ஜனவரியில் மாநில சர்க்காரும் அதனுடன் உடன்படிக்கையில் கையெழுத்திட்டது. நீடாமங்கலம், மன்னார்குடி முதலிய தாலுகாக்களில் 691 சதுர கிலோமீட்டர் நிலம் இதில் அடங்கிற்று. பூமிக்கடியில் நிலக்கரியும் அதில் வாயுவும் உண்டென்று நிபுணர் சொன்னது மெய்யே. ஆனால் அவ்வாயுவை வெளிக்கொணர, படுகையிலுள்ள நீரை முதலில் இறைத்து அழுத்தத்தைக் குறைக்க வேண்டும். அப்படி இறைத்தால் எங்கள் கிணறுகள் என்னாகும், இறைத்த உவர்நீர் எந்த வாய்க்காலில் விழும் என்று கேட்டவர்கள் விவசாயிகள். நம்மாழ்வார் 2013 டிசம்பரில் காலமாகும் வரையில் கிராமந்தோறும் சென்று இக்கேள்விகளை எழுப்பினார். கிளர்ச்சி வலுத்த பின்னரே 2013-இல் நிபுணர் குழு நியமிக்கப்பட்டது. அதன் அறிக்கையைக் கொண்டு 2015-இல் மாநில சர்க்கார் திட்டத்தை நிராகரித்தது. விசாரணை முன்னும் கையெழுத்துப் பின்னும் அன்றோ வந்திருக்க வேண்டும்?

ஜனங்கள் கூறுவதெல்லாம் வேதவாக்கு என்று நாம் வாதிக்கவில்லை. 1934-இல் திறக்கப்பட்ட மேட்டூர் அணை எஞ்சினீயர்களின் கணக்கின்றி எழுந்ததன்று. நிலத்தடி நீரை அளவின்றி இறைத்தால் கடலோரத்தில் உப்பு ஏறும் என்று நிபுணர் எச்சரிக்கும்போது அது நமக்கே கசக்கிறது. வோட்டுக்கு அஞ்சி மந்திரிகளும் மௌனம் சாதிக்கின்றனர். நிபுணரைப் புறக்கணிக்கும் இக்கோழைத்தனமும் குற்றமே. ஆயினும் மெய்யான நிபுணர் ஜனங்களின் அநுபவத்தை இகழ்வதில்லை. 1836-இல் கொள்ளிடத்தின் தலைப்பில் மேலணையைக் கட்டிய ஆர்தர் காட்டன் துரை, மணற்படுகையில் அஸ்திவாரமிடும் வித்தையைக் கல்லணை கட்டிய நம் முன்னோரிடமே கற்றதாக ஒப்புக்கொண்டார்.

இப்பாடம் டில்லியை எட்டவில்லை. 2020 ஜனவரியில் மத்திய சர்க்கார், எண்ணெய், எரிவாயு ஆய்வுக் கிணறுகளுக்குப் பொதுஜனங்களின் கருத்தைக் கேட்கவேண்டியதில்லை என்று விதியைத் திருத்திற்று. அடுத்த மாதமே சென்னைச் சட்டசபை டெல்டாவைப் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலமாக்கும் சட்டத்தை நிறைவேற்றியது. முன்னமே நடந்துவந்த எண்ணெய்க் கிணறுகளை அச்சட்டம் தீண்டவில்லை. 2023 மார்ச் இறுதியில் அம்மண்டலத்தைச் சேர்ந்த வடசேரி முதலிய இடங்களில் நிலக்கரி எடுக்க டில்லி டெண்டர் கோரிற்று. எதிர்ப்பு மூண்டதும் ஏப்ரல் 8-ந் தேதி பின்வாங்கிற்று. கேட்டுச் செய்திருந்தால் இந்த அவமானம் நேர்ந்திராது.

நாம் வேண்டுவது அதிகமன்று. நிபுணர் அறிக்கை ஒப்பந்தத்துக்கு முன்னரே வரட்டும். அது தெளிந்த தமிழில் அச்சாகி ஒவ்வொரு பஞ்சாயத்திலும் படிக்கப்படட்டும். ஜனங்களின் ஆட்சேபங்களுக்கு நிபுணர் நேரில் விடையளிக்கட்டும். அதன்பின் மந்திரிகள் தீர்மானித்து, அத்தீர்மானத்துக்குத் தாமே பொறுப்பேற்கட்டும். நிபுணருக்குப் பின்னாலும் ஜனங்களுக்குப் பின்னாலும் மாறிமாறி ஒளிபவர் மந்திரிப் பதவிக்கு அருகரல்லர்.