தோட்டத்துக்கு வரும் தொண்டர்

கொழும்பிலிருந்து பதுளைக்குச் செல்லும் புகையிரதப் பாதையில், நாவலப்பிட்டியைக் கடந்து அட்டனை அணுகுமுன் வருவது வட்டவளை. இலங்கையில் மழை மிகுந்த இடங்களை எண்ணுவோர் இவ்வூரை விடுவதில்லை. ஆண்டொன்றுக்கு 5,000 மில்லிமீற்றருக்கு மேல் மழை பெய்யும் இடம் இது. வைகாசியில் தென்மேற்குப் பருவம் தொடங்கிவிட்டால் துவைத்த துணி வெயிலில் உலர்ந்தது என்ற பேச்சே இராது. அடுப்புக்கு மேலே கொடி கட்டி உலர்த்தி, புகைமணத்தோடு உடுத்தவேண்டும். காலில் அட்டை ஏறியதை இரத்தம் கண்ட பின்னரே அறியவேண்டும்.

மலையகத்துத் தோட்டங்களுக்குக் கடல் கடந்த நாடுகளிலிருந்து கிறித்தவத் திருச்சபைகளின் தொண்டர்கள் வருவதுண்டு. சில திங்கள் தங்கிப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லுவர், நோயாளரைப் பார்ப்பர். அவர்களுடைய சமயக் கொள்கையை ஆராய்வது நம் நோக்கமன்று. வந்த இடத்தில் ஒருவர் எவ்வாறு குடியமர்வது என்னும் ஒன்றையே இங்கு எடுத்துக்கொள்கின்றோம். அது தமிழ் கற்பிக்கும் நமக்கும் உரிய வினாவாகும் என்பதைப் பின்னர்க் காட்டுவோம்.

இத்தொண்டின் வரலாறு பழையது. தேயிலை வருமுன்னரே, கோப்பிக் காலத்திலேயே, 1850களின் நடுப்பகுதியில் சர்ச் மிஷனரிச் சங்கத்தார் கண்டி மலைநாட்டிலே ‘தமிழ்க் கூலி மிஷன்’ என்பதைத் தொடங்கினர். அந்தப் பெயரே இன்று நம் காதைச் சுடுகின்றது. பின்னாளில் அதனைத் ‘தமிழ்ச் சர்ச் மிஷன்’ என்று மாற்றினார்கள். அதில் தொண்டு செய்தவர் வெள்ளையர் மட்டுமே என்று எண்ணுதல் தவறு. திருநெல்வேலிச் சீமையிலிருந்து தமிழ் உபதேசியார்கள் கடல் கடந்து வந்து, தோட்டந்தோட்டமாக நடந்தனர். அந்நிய நாட்டில் மிஷன் தொண்டராக வாழ்ந்தவர்களுள் இவர்களையும் வைத்து எண்ணுதலே முறை. ஆயினும் நூல்களில் துரைமாரின் பெயர் நிற்கும் அளவுக்கு இவர்களின் பெயர் நிற்கவில்லை.

இவர்களுக்கு மொழி தடையாக இருக்கவில்லை. தடை வேறிடத்தில் இருந்தது. அந்த மிஷன் தோட்டத்துரைமாரின் விருப்பத்தாலும் பொருளுதவியாலும் எழுந்தது. தோட்டத்துக்குள் நுழைவதற்குத் துரையின் இசைவு வேண்டும். அவ்வாறு வந்தவரை லயத்தில் உள்ளவர் யாருடைய ஆளாகக் கொள்வர்? பங்களாவின் கணக்கில் வந்தவர் பகலெல்லாம் கொழுந்து பறித்துக் கால் நொந்தவளிடம் பொறுமையைப் பற்றிப் பேசினால், அவள் அதனை எந்தச் செவியால் கேட்பாள்? அந்த உபதேசியார்களுள் நல்லவர் பலர் இருந்திருப்பர். அதில் நமக்கு ஐயமில்லை. ஆனால் அவர்கள் நின்ற இடம் இடுக்கமானது. இன்றைய தொண்டருக்கும் முதல் வினா இதுவே: இரவில் எங்கே படுப்பது? பங்களாவிலா, லயத்துக்கு அருகிலா? விருந்தாக வந்தவருக்குப் பங்களாவில் இடம் தருதல் உபசாரந்தான். எனினும் அந்த வாயிலில் ஒரு திங்கள் நுழைந்து வெளிப்பட்டவரை ‘துரை’ என்றும் ‘துரைசாணி’ என்றும் அழைக்கும் வாய், பிறகு ‘தம்பி’ என்றோ ‘அக்கா’ என்றோ எளிதில் அழைக்கமாட்டாது.

அடுத்தது சொல். சீகன்பால்கு 1706இல் தரங்கம்பாடியில் இறங்கியபின் தமிழ் கற்ற விதத்தை நம் மாணவர் பலர் அறிவர். திண்ணைப் பள்ளிச் சிறுவரோடு சிறுவராக அமர்ந்து மணலில் விரலால் எழுத்தெழுதினார். யாழ்ப்பாணத்துக்கு 1847இல் வந்த அமெரிக்க மருத்துவர் சாமுவேல் கிறீன் அதற்கு மேலும் ஒரு படி சென்றார். மானிப்பாயில் முதலில் ஆங்கிலத்தில் மருத்துவம் கற்பித்தவர், 1864 முதல் தமிழிலே கற்பித்தார். மருத்துவ நூல்களைத் தமிழாக்கினார். தம்மிடம் கற்றோர் உடையிலும் உணவிலும் தமிழராகவே இருக்கவேண்டும் என்பது அவர் எண்ணம். அவர் 1884இல் தம் நாட்டிலே மறைந்தபோது, கல்லறையிலும் தமிழர்க்குத் தொண்டு செய்த மருத்துவர் என்றே பொறிக்கப்பட்டது.

ஆனால் தோட்டத்துக்கு வருபவர் சீகன்பால்கின் ஏட்டுத் தமிழையோ கிறீனின் யாழ்ப்பாணத் தமிழையோ மட்டும் கொண்டு வாழ முடியாது. பண்டிதர்க்கு ‘லயம்’ என்றதும் தாளத்தின் நினைவு வரும். தோட்டத்தில் அது ‘லைன்’ என்னும் ஆங்கிலச் சொல்லின் மாற்றம். பத்தடிக்குப் பன்னிரண்டடி என்று சொல்லப்படும் அறைகளின் வரிசை. அந்த அறை ‘காம்பிரா’. போர்த்துக்கேயர் விட்டுச் சென்ற சொல். விடியலில் ஆள் எண்ணும் இடம் ‘பிரட்டுக்களம்’. தொழிற்சாலை ‘ஸ்டோர்’. தாய் மலைக்குப் போகும்போது கைக்குழந்தையை விட்டுச் செல்வது ‘பிள்ளைமடுவம்’. மழைக்கும் செடியின் கீறலுக்கும் காப்பாக இடையிலே கட்டுவது ‘படங்கு’. செடியைக் குறைத்து வெட்டுவது ‘கவ்வாத்து’. அவ்வாறு வெட்டிய கட்டையே அடுப்புக்கு விறகு. ஒப்பந்த வேலை ‘கொந்தரப்பு’. ஒரு நாள் வேலை கணக்கில் ஏறுவதைப் ‘பேர் விழுதல்’ என்பர். இந்தச் சொல்லை அறியாத தொண்டர், ‘இன்றைக்குப் பேர் விழவில்லை’ என்று ஒரு தாய் கூறும்போது அவ்வீட்டின் அன்றைய கூலி போயிற்று என்பதை உணரமாட்டார்.

இவற்றைக் கொச்சை என்று ஒதுக்கும் புலவருண்டு. நாம் அவரோடு உடன்படோம். இரு நூற்றாண்டு உழைப்பின் வரலாறு இச்சொற்களில் இருக்கின்றது. தலைமன்னாரில் இறங்கி மாத்தளைவரை நடந்த முன்னோரை நினைந்து, 2023இல் அதே வழியே நடைபயணம் சென்றவர்களும் இம்மொழியையே பேசிச் சென்றனர்.

உணவு பற்றி மிகச் சொல்லவேண்டியதில்லை. கோதுமைமா ரொட்டியும் சம்பலும் சாயத் தண்ணீரும் கொடுத்தால் உண்ணவேண்டும். மாரியம்மன் திருவிழாவுக்கும், மாசியிலே காமன் கூத்துக்கும் அழைத்தால் செல்லவேண்டும். தோட்டத்து மக்களில் பெரும்பாலோர் சைவர். அவர்களுடைய தெய்வத்தைப் பழித்துக்கொண்டு அவர்களுடைய திண்ணையில் அமர முடியாது. இவ்வளவே.

1910இல் எடின்பரோவில் நடந்த உலக மிஷனரி மாநாட்டில், திருநெல்வேலித் தமிழரான வேதநாயகம் அசரியா, வெள்ளைத் தொண்டர் எத்தனை ஈந்தாலும் நட்பு என்ற ஒன்று இன்னும் வேண்டியிருக்கின்றது என்ற கருத்துப்படப் பேசினார். அவையிற் பலருக்கு அது கசந்தது. அவரும் அந்நிய நிலத்தில் தொண்டு செய்தவரே. தெலுங்கர் நாட்டுத் தோர்ணக்கலில் வாழ்ந்து, அம்மக்களின் மொழியைக் கற்றுப் பணி செய்தவர். ஆதலின் அச்சொல்லை உரைக்க அவருக்கு உரிமை இருந்தது.

இனி நம் பக்கம் வருவோம். வடக்கிலிருந்தும் கிழக்கிலிருந்தும் மலையகப் பாடசாலைகளுக்கு நியமனம் பெற்றுச் செல்லும் ஆசிரியர்களுட் சிலர், சென்ற அன்றே இடமாற்ற விண்ணப்பத்தை எழுதத் தொடங்குகின்றனர். வெள்ளிக்கிழமை பிற்பகலில் புகையிரதம். திங்கட்கிழமை காலை பாடம் தாமதம். குளிரும் மழையும் வாடகை அறையும் அவர்களுக்கு இடுக்கண் தருவன என்பது மெய். வீட்டில் முதிய பெற்றோர் உள்ளவரை நாம் குறைகூற மாட்டோம். ஆயினும் மொழி தெரியாத வெளிநாட்டார் ஓராண்டு தங்கும் மலையில், அதே மொழி பேசும் ஆசிரியர் ஒரு ஞாயிற்றுக்கிழமையேனும் தங்காதிருப்பதைப் பிள்ளைகள் காணாமலில்லை. தன் ஆசிரியர் ஞாயிறன்று எங்கே இருக்கிறார் என்பது அப்பிள்ளைக்குத் தெரியும்.

தொண்டரை வரவேற்கும் திருச்சபைகளிடம் நாம் கேட்பது சிறிது. வருபவருக்கு முதல் மூன்று திங்களுக்கு வேலை ஒன்றும் கொடாதீர்கள். லயத்துக்கு அருகே ஓர் அறையும், தோட்டத்து மூதாட்டி ஒருவரிடம் நாள்தோறும் ஒரு மணி நேரப் பேச்சும் கொடுங்கள். கீழைத்தேயக் கல்லூரி மாணவர்க்கும் ஒரு பணி உண்டு. பிரட்டு முதல் கொந்தரப்புவரை உள்ள தோட்டத்துச் சொற்களைத் தோட்டந்தோட்டமாகத் தொகுத்து, பொருளும் வழக்கும் எழுதுங்கள். அந்தச் சுவடி தொண்டருக்கும் பயன்படும். நியமனக் கடிதத்தோடு மலையேறும் நம் ஆசிரியருக்கும் பயன்படும்.