பூனைக்குட்டியும் ஒரு ஜோடிக் கம்மலும்

போன ஞாயிறு தங்கையின் பேரனுக்கு ஞானஸ்நானம். மூன்று மாதக் குழந்தை. சர்ச் ஐயர் நெற்றியில் தண்ணீர் விட்டதும் வீறிட்டான். ஜெபம் முடிவதற்குள் அவன் அம்மா தோளில் தூங்கியும் போனான். விருந்து வள்ளூர் வீட்டு மொட்டைமாடியில். வெயிலுக்கு மட்டும் போட்ட பந்தல் இல்லை அது. காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது, அனல்மின் நிலையத்துச் சாம்பல் வருமா என்று பார்த்துத்தான் எங்கள் ஊரில் பந்தி போடுவார்கள்.

மச்சான் தட்டைக் கையில் எடுக்கும் முன்பே ஆரம்பித்துவிட்டான். அத்தை பையன், சபைக்குப் போகிறவன், இருபத்தாறு வயதில் இரட்சிக்கப்பட்டு, தண்ணீரில் முங்கி முழுக்கு ஞானஸ்நானம் எடுத்தவன். "பச்சக் குழந்தைக்கு எதுக்கு அத்த இது? அதுக்கு என்னா தெரியும்?"

அம்மாவுக்கு எண்பது முடிந்துவிட்டது. காது மந்தம், ஆனால் இந்த மாதிரிக் கேள்விகள் மட்டும் நன்றாகக் கேட்கும். "ஒண்ணும் தெரியாதுதான்டா. பால் குடிக்குதே, தெரிஞ்சா குடிக்குது?"

குழந்தையைப் போல ஆனால்தான் பரலோகம் என்பதைப் பிரசங்கத்தில் எத்தனை முறை கேட்டிருப்பேன்! உடனே கள்ளங்கபடமில்லாத மனசு என்று ஆரம்பிப்பார்கள். பிஸ்கட்டைத் தின்றுவிட்டுத் தம்பியைக் கைகாட்டாத குழந்தை எந்த வீட்டில் இருக்கிறது என்று எனக்குத் தெரியவில்லை. லூக்கா 18-ஆம் அதிகாரத்தில் இயேசுவிடம் தூக்கி வருகிற பிள்ளைகளைக் குறிக்கும் கிரேக்கச் சொல் 'ப்ரெஃபோஸ்'. கைக்குழந்தை என்று பொருள். எலிசபெத்தின் வயிற்றில் துள்ளிய சிசுவுக்கும் அதே லூக்கா அதே சொல்லைத்தான் போடுகிறார். நல்ல குணம், கெட்ட குணம் எதுவும் இன்னும் வந்து சேராத வயது. தானாக வரக்கூடத் தெரியாது, யாராவது தூக்கிக்கொண்டுதான் வரவேண்டும்.

தமிழ்நாட்டில் நாமே பற்றிக்கொள்வதா, தூக்கிச் செல்லப்படுவதா என்ற இந்த வழக்கு வைணவர்களுக்குள் முன்பே நடந்திருக்கிறது. குரங்குக்குட்டி தாயைத் தானே இறுக்கிக் கட்டிக்கொள்ளும். பூனைக்குட்டி சும்மா கிடக்கும், தாய் வாயில் கவ்விக்கொண்டு போகும். இறைவனிடம் நாம் போய்ச் சேருவது எந்தக் குட்டியைப் போல என்று வடகலையாரும் தென்கலையாரும் நூற்றாண்டுகளாக வாதாடியிருக்கிறார்கள். வைணவ வீட்டில் 1827-இல் பிறந்த எச்.ஏ. கிருஷ்ணபிள்ளைக்கு இந்தக் குரங்கும் பூனையும் சின்ன வயதிலேயே பழக்கமாகியிருக்க வேண்டும். 1858-இல் இங்கே சென்னையில்தான் அவர் ஞானஸ்நானம் பெற்றார். ஜான் பனியன் 1678-இல் எழுதிய மோட்சப் பயணக் கதையை எடுத்துக்கொண்டு அவர் செய்த காவியம்தான் 1894-இல் வெளிவந்த 'இரட்சணிய யாத்திரிகம்'. பனியனின் கதையில் ஒருவன் முதுகில் பெருஞ்சுமையோடு நடக்கிறான். சிலுவை இருக்கும் இடத்துக்கு வந்ததும் சுமை தானாகக் கழன்று உருண்டு போகிறது. அவன் முடிச்சை அவிழ்க்கவே இல்லை. அதுவரைக்கும் பூனைக்குட்டி. ஆனால் அதற்கப்புறமும் மலை, பள்ளத்தாக்கு, சிறை, ஆறு என்று கதையின் பெரும்பகுதி நடைதான். கிருஷ்ணபிள்ளைக்கு அந்தக் கதை ஏன் அவ்வளவு பிடித்தது என்பதற்கு என்னிடம் உள்ள ஊகம் இதுதான்: அதில் இரண்டு குட்டிகளுக்கும் இடம் இருந்தது.

எனக்குப் பூனைக்குட்டியின் நிலை பிடிபட்டது மீஞ்சூர் சேட்டு அடகுக்கடையில்.

எனக்கு ஏழு வயது இருக்கும். அப்பாவுக்கு வேலை இல்லாத வருஷம். ஒருநாள் அம்மா காதில் கம்மல் இல்லை, துடைப்பக்குச்சி இருந்தது. எங்கே என்று கேட்டேன். "சேட்டு வீட்ல தூங்குது. மூட்டுக்கலாம்" என்றாள். சரி என்று விளையாடப் போய்விட்டேன். வட்டி எவ்வளவு, தவணை எப்போது, நகை முழுகிவிட்டால் என்ன செய்வது என்று அவள் எத்தனை ராத்திரி கணக்குப் போட்டாளோ. மூட்டுக்கலாம் என்று அவள் சொன்ன பிறகு எனக்கு அதில் யோசிக்க ஒன்றும் இருக்கவில்லை. அடுத்த வருஷம் அவள் முந்தானையில் முடிந்த பணத்தை எண்ணிக் கொடுத்தபோது நான் கடைப்படியில் உட்கார்ந்து வேர்க்கடலை தின்றுகொண்டிருந்தேன். அந்தக் கம்மலை மீட்டதில் என் பங்கு அவ்வளவுதான்.

நாங்கள் இரட்சிப்பு என்பதைப் பக்கத்துவீட்டு ஆர்.சி. பிள்ளைகள் மீட்பு என்பார்கள். ஆண்டவரை மீட்பர் என்று அவர்கள் சொல்லும்போதெல்லாம் எனக்குச் சேட்டு கடை ஞாபகம் வந்து, சிரிப்பை அடக்கியிருக்கிறேன். சிரித்திருக்க வேண்டியதில்லை. புதிய ஏற்பாட்டில் வரும் 'லூத்ரோன்' என்ற கிரேக்கச் சொல், அடிமையையும் போர்க்கைதியையும் விடுவிக்க இன்னொருவர் கட்டும் பணம். அடகுக்கடை வாசலிலிருந்து ரொம்ப தூரமில்லை.

மாடியில் மச்சான் விடவில்லை. "அப்போ நீங்க மோட்சத்துக்குப் போவீங்கன்னு எத வெச்சி அத்த சொல்றீங்க?"

அம்மா அவனை ஒரு மாதிரி பார்த்தாள். "எனக்கு சென்ட்ரலுக்கே தனியா போவத் தெரியாது. மோட்சத்துக்கு எங்கேந்துடா போவேன்? அவரு வந்து கூட்டினு போவணும். வருவாரு."

அவள் சொன்னது உண்மை. அத்திப்பட்டில் ரயிலேறி இறங்கிப் பழகிய ஊர்க்காரிதான், ஆனால் ஒரு நாளும் தனியாகப் போனதில்லை. முதலில் அப்பா, பிறகு நான், இப்போது தங்கை. எந்த நடைமேடை என்று இன்றுவரை கேட்டதில்லை.

மச்சான் பதில் சொல்ல வாயெடுத்த நேரத்தில் குழந்தை விழித்துக்கொண்டு சிணுங்கியது. தங்கை பரிமாறிக்கொண்டிருந்ததால் அதை அவன் மடியில் வைத்துவிட்டுப் போனாள். கன்னத்தைத் தொடப் போனவனின் ஆள்காட்டி விரலைக் குழந்தை பிடித்துக்கொண்டது. உள்ளங்கையில் எதைக் கொடுத்தாலும் அந்த வயதில் இறுக்கிக்கொள்ளும். தாயின் ரோமத்தைப் பற்றித் தொங்கிய காலத்து மிச்சம் என்கிறார்கள் அறிவியல்காரர்கள். ஆக, குழந்தை குரங்குக்குட்டியும்தான்.

பிடிபட்டது வலது கை. பிரியாணி ஆறிக்கொண்டிருந்தது. அவன் விரலை இழுத்துப் பார்க்கவில்லை.