ஓட்டில்லாதவனுக்கு நாடேது?

கடலூரிலும் சிதம்பரத்திலும் தேர்தல் வந்துவிட்டால் இலங்கைத் தமிழருக்காகக் கண்ணீர் வடிக்காத மேடை கிடையாது. ஆனால் 1983 முதல் வந்து நம் நாட்டு முகாம்களில் கிடக்கும் அகதிகளில் பெரும்பாலோருக்கு இன்னமும் பிரஜா உரிமை கிடைத்தபாடில்லை. காரணமென்ன? அவர்களுக்கு ஓட்டில்லை என்பதுதான்.

ஓட்டிருந்தபோது நடந்தது என்ன? 1947 தேர்தலில் இலங்கைத் தோட்டத் தொழிலாளர்கள் தங்கள் பிரதிநிதிகளைப் பார்லிமெண்டுக்கு அனுப்பினார்கள். உடனே 1948-ல் பிரஜா உரிமையும், 1949-ல் ஓட்டும் பறிக்கப்பட்டன. 1964-ல் சாஸ்திரியாரும் சிறிமாவோ அம்மையாரும், இந்தியாவுக்கு 5,25,000 பேர், இலங்கைக்கு 3,00,000 பேர் என்று ஆடுமாடுகளைப்போல் பங்கு பிரித்தார்கள். அந்த ஜனங்களை யார் கேட்டார்கள்?

அமெரிக்காவில் ஸ்பானிய மொழி வழி வந்தவர்களை இரு கட்சிகளும் தேர்தல்தோறும் கொஞ்சுவதும் ஓட்டுக்காகத்தான். அனுமதிச் சீட்டில்லாமல் குடியேறியவனுக்கு அங்கும் விலங்குதான்.

2019 குடியுரிமைத் திருத்தச் சட்டம் பாகிஸ்தான், வங்காளதேசம், ஆப்கானிஸ்தானத்திலிருந்து வந்தவர்களுக்கு, முஸ்லிம்களை நீக்கிவிட்டு, வழி செய்தது. மதமே யோக்கியதை என்றால், முகாமிலுள்ள இலங்கைத் தமிழரில் பெரும்பாலோர் இந்துக்களல்லவா? அவர்களை ஏன் விட்டார்கள்? அச்சட்டத்துக்கு ராஜ்யசபையில் அ.தி.மு.க. அங்கத்தினர்கள் ஓட்டளித்ததும் எந்த நியாயம்?

ஆகவே தோழர்களே! இனி ஓட்டுக் கேட்டு வருகிறவர்கள் எவரானாலும், அவர்களுடைய கண்ணீரைப் பார்க்காதீர்கள். பார்லிமெண்டில் எந்தப் பக்கம் ஓட்டளித்தார்கள் என்று கேளுங்கள்.