பால் கொடுக்கிறவளுக்கு ஒரு நல்ல குர்தி

பிள்ளை பெற்றவளைப் பார்க்கப் போகிறவர்கள் குழந்தைக்குச் சட்டை வாங்குகிறார்கள், சோப்பு பவுடர் பெட்டி வாங்குகிறார்கள், கொசுவலை வாங்குகிறார்கள். பெற்றவளுக்கென்று யாராவது நினைத்து வாங்கினால் அது நைட்டியாகத்தான் இருக்கிறது. இடமும் வலமும் ஜிப் வைத்த ஃபீடிங் நைட்டி. நைட்டியை நான் குறை சொல்லவில்லை. பச்சை உடம்போடு விடிய விடிய எழுந்து உட்கார்ந்து பால் கொடுக்கிற முதல் ஒன்றிரண்டு மாதங்களில் அதைப்போல உதவுகிற துணி வேறில்லை. தளர்வாக இருக்கும், இடுப்பை இறுக்காது, காலையில் அலசிப் போட்டால் மதியத்துக்குள் காய்ந்துவிடும். என் கவலை அதற்குப் பிறகுதான் தொடங்குகிறது. குழந்தை கழுத்து நின்று சிரிக்கத் தொடங்கிய பிறகும் அவளிடம் பால் கொடுக்கத் தோதான உடை அது ஒன்றுதான். வாசலில் யாராவது கூப்பிட்டால் மேலே ஒரு துண்டைப் போட்டுக்கொண்டு எட்டிப் பார்க்கிறாள். பக்கத்துத் தெருவில் வளைகாப்பு என்றால், "நீங்க போயிட்டு வாங்க அத்தை, இவன் அழுவான்" என்று வீட்டிலேயே இருந்துவிடுகிறாள். அழுகிற குழந்தைக்குப் பால் கொடுத்தால் சரியாகிவிடும் என்பது அவளுக்குத் தெரியும். எதை உடுத்திக்கொண்டு போய்க் கொடுப்பது என்பதுதான் தெரியவில்லை.

2018-ல் ஆந்திராவின் மேற்கு கோதாவரி மாவட்டத்தில் தோகலபள்ளி என்ற கிராமத்தில், பெண்கள் பகலில் நைட்டியோடு வெளியே வந்தால் 2,000 ரூபாய் அபராதம் என்று ஊர்ப் பெரியவர்கள் கட்டுப்பாடு போட்டார்கள். செய்தியைப் படித்ததும் எனக்கு முதலில் தோன்றியது, அந்த ஊரின் கைக்குழந்தைக்காரிகள் என்ன செய்திருப்பார்கள் என்பதுதான்.

முதல் ஆறு மாதம் தாய்ப்பால் மட்டும், பிறகு இணை உணவோடு இரண்டு வயது வரையும் அதற்கு மேலும் தாய்ப்பால் என்கிறது உலக சுகாதார நிறுவனம். பிறந்த புதிதில் குழந்தை நாளுக்கு 8 முதல் 12 முறை பால் குடிக்கும். இந்த இரண்டு வருடத்துக்குள் அவள் தடுப்பூசி போட புதன்கிழமைகளில் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போக வேண்டும், குலதெய்வம் கோயிலுக்கு முடி எடுக்கப் போக வேண்டும், ரேஷன் கடையில் கைரேகை வைக்க வேண்டும், வேலைக்குத் திரும்ப வேண்டும். 2017-ல் மகப்பேறு பயன் சட்டம் திருத்தப்பட்டதிலிருந்து முதல் இரண்டு குழந்தைகளுக்கும் சம்பளத்தோடு கிடைப்பது 26 வாரம். அதாவது குழந்தைக்கு ஆறு மாதம் ஆகும்போது வேலைக்குப் போகிற தாய்மார் பலர் மறுபடியும் பேருந்தில் ஏறிவிடுகிறார்கள். வெளியே போட்டுக்கொண்டு போக நல்ல உடை இல்லாமல் அவர்களால் பாலூட்டலைத் தொடர முடியாது. இதை அலங்காரச் சமாசாரம் என்று ஒதுக்குகிறவர்களோடு எனக்கு உடன்பாடில்லை.

சேலை கட்டுகிறவர்களுக்கு இந்தச் சிக்கலே வந்திருக்கக் கூடாது. முன்பக்கம் ஹூக் வைத்த ஜாக்கெட்டும் அதன்மேல் முந்தானையும் பால் கொடுப்பதற்கென்றே யோசித்துச் செய்தது போல அமைந்தவை. கீழ் ஹூக் இரண்டைக் கழற்றினால் போதும். மேலே கழுத்துப் பகுதி அப்படியே இருக்கும், பக்கவாட்டை முந்தானை மறைக்கும், குழந்தையின் முகத்துக்குக் காற்றும் வரும். நம் பாட்டிமார் சந்தையிலும் களத்துமேட்டிலும் பேச்சைக்கூட நிறுத்தாமல் பிள்ளைக்குப் பால் கொடுத்தார்கள். அந்த வசதியை இப்போதைய தையல் மாடல்கள் பறித்துக்கொண்டன. பின்பக்கம் ஹூக் அல்லது ஜிப், உள்ளே கப், முதுகில் கயிறு, கழுத்துவரை ஏறிய காலர். பார்க்க அழகாகத்தான் இருக்கின்றன. ஆனால் கல்யாணத்துக்கென்று ஆசை ஆசையாகத் தைத்த ஜாக்கெட்டுகள் எல்லாம் அதே அமைப்பில் இருப்பதால், பிள்ளை பிறந்தபின் ஒன்றுகூட உதவுவதில்லை.

காதுகுத்து வீடுகளில் இதைக் கண்ணால் பார்க்கலாம். தாய்மாமன் மடியில் வைத்து ஆசாரி காது குத்துகிறார். குழந்தை வீறிடுகிறது. வாங்கி அணைத்து உடனே பால் கொடுத்தால் வலி தணியும். தடுப்பூசி போடும்போது பால் கொடுப்பது வலியைக் குறைக்கும் என்று மருத்துவர்களே பரிந்துரைக்கிறார்கள். ஆனால் அன்றைக்குப் பார்த்து அம்மா பின்பக்க ஜிப் ஜாக்கெட்டில் இருப்பாள். தோளில் மடிப்பு மடிப்பாக ஊக்குக் குத்தியிருப்பாள். மண்டபத்தில் ஓர் அறை தேடி, கதவைச் சாத்தி, கூட ஒருத்தி வந்து ஜிப்பை இறக்கி ஊக்கைக் கழற்றுவதற்குள் குழந்தை அழுது முகம் சிவந்துபோகும்.

ஆகவே வளைகாப்புக்குத் தைக்கிற ஜாக்கெட்டிலிருந்தே டெய்லரிடம் சொல்லிவிடுங்கள்: "அண்ணே, முன்பக்கம் ஹூக் வைங்க, கப் வேண்டாம், உள்ள ரெண்டு பக்கமும் நல்லாத் துணி விட்டுத் தைங்க." பால் ஊறத் தொடங்கியதும் மார்பின் அளவு கூடும். ஒரே நாளிலேயே பால் கொடுக்குமுன் ஓர் அளவு, கொடுத்தபின் ஓர் அளவு. பிரித்துவிட உள்ளே துணி இருந்தால் அந்த ஜாக்கெட் இரண்டு வருடமும் கூட வரும். முன்பக்க ஹூக் என்றால் பழைய மாடல் என்று நினைக்க வேண்டாம். முக்கால் கை வையுங்கள், கையில் எம்பிராய்டரி போடுங்கள், முதுகுக் கழுத்தை விருப்பப்படி இறக்குங்கள். முன்பக்கத்தில் மட்டும் கல்லும் மணியும் ஜர்தோசியும் வேண்டாம், அவை பிள்ளையின் கன்னத்தைக் கீறும்.

பட்டுச் சேலை பற்றி ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். பீரோவில் அந்துருண்டை போட்டு வைத்த சேலையை எடுத்து அப்படியே கட்டிக்கொண்டு குழந்தையை மடியில் போடாதீர்கள். அந்துருண்டையில் இருக்கிற நாப்தலீன், ஜி6பிடி என்ற நொதி குறைவாகப் பிறந்த குழந்தைகளின் ரத்தச் சிவப்பணுக்களை உடைக்கக்கூடியது. மஞ்சள் காமாலையும் ரத்தசோகையும் கடுமையாக வரக்கூடும். நம் குழந்தைக்கு அந்தக் குறைபாடு உண்டா என்பது பெரும்பாலான வீடுகளில் தெரியாது. கைக்குழந்தை இருக்கிற வீட்டில் அந்துருண்டையே வேண்டாம் என்பதுதான் பாதுகாப்பு.

இனி குர்தி. இன்றைய இளம் தாய்மாரின் அன்றாட உடை இதுதான் என்பதால் இதில் கொஞ்சம் நின்று பேசலாம். ஃபீடிங் குர்தி இப்போது நம் ஊர் ஜவுளிக் கடைகளிலும் கிடைக்கிறது, நைட்டிப் பகுதியை ஒட்டி ஒரு மூலையில் தொங்குகிறது. எடுத்ததும் ஜிப் எங்கே இருக்கிறது என்று பாருங்கள். கழுத்திலிருந்து நடுவே இறங்கும் ஜிப் என்றால் வைத்துவிடுங்கள். ஒரு பக்கம் கொடுக்க இரண்டு பக்கமும் திறந்துகொள்ளும். நெஞ்சுக்குக் குறுக்கே, யோக்கின் மடிப்புக்குள் படுக்கைவாட்டில் வரும் ஜிப் பழகுகிறவர்களுக்கு எளிது. என் தேர்வு, பிரின்சஸ் கட் தையலோடு ஒட்டி இரண்டு பக்கமும் நெட்டாக இறங்கும் மறைவு ஜிப்தான். எந்தப் பக்கம் வேண்டுமோ அது மட்டும் திறக்கும், மூடிவிட்டால் அங்கே ஜிப் இருப்பதே தெரியாது. ஒரு ஜாண் நீளமாவது இருக்க வேண்டும். உலோகப் பல் வேண்டாம், நைலான் ஜிப்பாக இருக்கட்டும். உள்பக்கம் ஒரு துணிப்பட்டி வைத்துத் தைத்திருக்கிறதா என்று விரல் விட்டுத் தடவிப் பாருங்கள். இல்லையென்றால் உங்கள் தோலும் உராயும், குழந்தையின் மூக்கும் உராயும்.

டிரையல் ரூமில் கண்ணாடி முன் நின்று பார்த்தால் மட்டும் போதாது. உட்கார்ந்து பாருங்கள். கைப்பையைக் குழந்தையாக நினைத்து இடது கையில் அணைத்துக்கொண்டு, வலது கை ஒன்றால் ஜிப்பைத் திறந்து மூடுங்கள். பிறகு கை மாற்றிச் செய்யுங்கள். இரண்டு கையும் தேவைப்படுகிற உடை பேருந்தில் உங்களைக் கைவிட்டுவிடும். குர்தியை இடுப்பிலிருந்து தூக்கித்தான் கொடுக்க வேண்டும் என்றாலும் யோசியுங்கள். நீளமான ஸ்ட்ரெயிட் கட் குர்தியைத் தூக்கினால் வயிறு முழுக்கத் தெரியும், பால் கொடுக்கும் நேரமெல்லாம் துணியைப் பிடித்துக்கொண்டே இருக்க வேண்டும்.

ஃபீடிங் என்ற பெயர் ஒட்டியதைத்தான் வாங்க வேண்டும் என்றில்லை. இடுப்புவரை பட்டன் வைத்த சட்டை மாதிரிக் குர்தி, ஒரு பக்கம் மடிந்து முடிச்சுப் போடுகிற அங்ரகா மாடல், இரண்டும் எந்தக் கடையிலும் உண்டு. பட்டன் இடைவெளியில் விரிகிறதென்றால் நடுநடுவே பிரஸ் பட்டன் வைத்துக்கொள்ளலாம். ஜீன்ஸும் டாப்பும் போட்டுப் பழகியவர்கள் அதை விட வேண்டியதே இல்லை. உள்ளே பனியன் துணியில் மெல்லிய நாடா வைத்த ஸ்லிப் ஒன்று போதும். மேலே இருக்கிற டாப்பை மேலே தூக்கி, உள்ளே இருக்கிற ஸ்லிப்பைக் கீழே இறக்கினால் வயிறும் தெரியாது, நெஞ்சும் தெரியாது. பீரோவில் இருக்கிற பழைய சுடிதார்களில் பிரின்சஸ் தையல் உள்ளவற்றைப் பொறுக்கி, அந்தத் தையலைப் பிரித்து ஜிப் வைத்துத் தரச் சொல்லுங்கள். உங்களுக்குப் பிடித்த சுடிதாரே மறுபடியும் உங்களிடம் வந்து சேரும். புதிதாக ஒன்று வாங்குவதைவிட அது தருகிற சந்தோஷம் பெரிது.

துணி பருத்திதான். நம் ஊர் வெயிலில் குழந்தையின் உடம்புச் சூடும் நம் உடம்போடு சேரும்போது பாலியெஸ்டரைத் தாங்க முடியாது. நிறத்தைத் தேர்ந்தெடுக்கும்போது பால் கசிவை மனதில் வையுங்கள். சுரப்பு நேரம் பார்த்து வருவதில்லை. எங்கோ வேறொரு குழந்தை அழுதால்கூட ஆக்சிடோசின் என்ற ஹார்மோன் வேலை செய்து பால் இறங்கும். வெளிர் சாம்பல், இளநீலம் போன்ற ஒற்றை நிறத் துணியில் அந்த ஈரம் அப்படியே தெரியும். அடர்ந்த நிறத்தில் பூவோ புள்ளியோ நெருக்கமாக அச்சிட்ட துணியில் கண்ணுக்கே படாது. மதுரைச் சௌராஷ்டிரர்கள் முடிச்சுப் போட்டுச் சாயம் தோய்க்கிற சுங்குடி இதற்கு எவ்வளவு பொருத்தம் என்று வியந்திருக்கிறேன். மாந்தளிர், கருநீலம், அரக்கு நிறங்களில் வெள்ளைப் புள்ளி. சுங்குடியில் சேலை மட்டும் எடுக்காமல் ஒரு குர்திக்கும் எடுங்கள். கலம்காரியும் நல்லது. இரண்டையும் தனியாக அலசி, சாயம் விடுவது நின்றபிறகு உடுத்துங்கள், பிள்ளை வாய் வைக்கிற துணியல்லவா. பருத்தித் துணியை வட்டமாக வெட்டி அடுக்கித் தைத்த பேடுகள் நான்கைந்து கைப்பையில் இருக்கட்டும்.

மேலே என்ன போட்டாலும் உள்ளே போடுவது சரியில்லையென்றால் எல்லாம் வீண். அடியில் கம்பி வைத்த, இறுக்கிப் பிடிக்கிற பிரா பால் கட்டிக்கொள்ள இடம் கொடுக்கும். மார்பு கல்லாகி, காய்ச்சல் வந்து துடித்தவர்களுக்கு அந்த வேதனை தெரியும். தோள்பட்டையில் கிளிப் வைத்த, ஒரு கப் மட்டும் இறங்குகிற ஃபீடிங் பிரா ஒரு சுற்றுத் தளர்வாக வாங்குங்கள். தேசிய குடும்ப நல ஆய்வின் 2019-21 கணக்கில் தமிழ்நாட்டுப் பிரசவங்களில் ஏறக்குறைய 45 சதவீதம் சிசேரியன். எனவே இடுப்பையும் மறக்கக் கூடாது. பாவாடை நாடாவும் லெகிங்ஸ் எலாஸ்டிக்கும் தையல் போட்ட இடத்தில் உட்காராமல், வயிற்றுக்கு மேலே ஏறி நிற்கிற அகலப் பட்டியாக இருக்க வேண்டும்.

கடைக்குப் போகலாம் என்றால் பெண்கள் ஒரு பதில் வைத்திருக்கிறார்கள்: "உடம்பு பழையபடி ஆகட்டும்க்கா, அப்புறம் வாங்கிக்கலாம்." பழையபடி ஆக ஒரு வருடம் ஆகலாம், ஆகாமலும் போகலாம். அதுவரை அவள் இருக்கிற உடம்பு அவளுடையதுதானே? அந்த உடம்புதான் ஒரு குழந்தையை வளர்த்துக்கொண்டிருக்கிறது. இன்றைய அளவுக்கு, பிடித்த நிறத்தில், பொருந்துகிற நான்கு குர்தி வேண்டும். மூச்சு முட்டுகிற பழைய சுடிதாருக்கும் தொளதொள நைட்டிக்கும் நடுவில் அவளை நிறுத்தி வைப்பது கொடுமை. கணவன்மாருக்கும் சொல்கிறேன். "வீட்லதானே இருக்க, எதுக்குப் புதுசு?" என்ற கேள்வியை அவளிடம் கேட்காதீர்கள்.

மறைத்துக் கொடுப்பதா, வேண்டாமா என்பது அவள் முடிவு. கழுத்தில் மாட்டுகிற ஃபீடிங் கவரைப் பல குழந்தைகள் கையால் தட்டிவிடுகின்றன, உள்ளே புழுங்கும். பருத்தித் துப்பட்டாவைத் தோளில் போட்டு ஒரு ஓரத்தை இழுத்துவிட்டாலே போதும். மறைக்காமல் கொடுத்தாலும் அதில் ஆபாசம் ஒன்றுமில்லை. 2018-ல் மலையாள இதழ் கிருஹலட்சுமியின் அட்டையில் மாடல் அழகி கிலு ஜோசப் குழந்தைக்கு மறைப்பின்றிப் பால் கொடுக்கிற படம் வந்தபோது வழக்குப் போட்டார்கள். அதில் ஆபாசம் இல்லை என்று கேரள உயர் நீதிமன்றம் தள்ளிவிட்டது. 2015 ஆகஸ்டில் அப்போதைய முதல்வர் ஜெயலலிதா தமிழகப் பேருந்து நிலையங்களில் பாலூட்டும் அறைகளைத் தொடங்கிவைத்தார். தனிமை வேண்டுகிறவர்களுக்கு அது பெரிய உதவி. ஆனால் பேருந்து நிலையத்துக்கு வந்து சேர்வதற்குள்ளேயே பிள்ளைக்குப் பசிக்கும்.

கடைசியாக, சீருடைக்காரிகள். ஜவுளிக் கடைகளில் நாள் முழுக்க நிற்கிற பெண்கள், செவிலியர், காவலர், சேலை மட்டும்தான் என்று கட்டாயப்படுத்துகிற தனியார் பள்ளிகளின் ஆசிரியைகள். இவர்கள் எதை உடுத்துவது என்பதை இவர்கள் தீர்மானிப்பதில்லை. 50 பேரோ அதற்கு மேலோ வேலை செய்கிற இடத்தில் குழந்தைகள் காப்பகம் இருக்க வேண்டும், தாய் நாளுக்கு நான்கு முறை போய்க் குழந்தையைப் பார்க்க அனுமதிக்க வேண்டும் என்று 2017 திருத்தத்திலிருந்து சட்டம் சொல்கிறது. அப்படிப் போகிறவள் கழுத்துவரை மூடிய கோட்டைக் கழற்றி மாட்டுவதிலேயே பாதி நேரம் போய்விடும். சீருடைக்கு அளவெடுக்கிற வாரத்தில், கைக்குழந்தை வைத்திருக்கிறவர்கள் யார் யார் என்று நிர்வாகம் கேட்டு அவர்களுக்கு மட்டும் வேறு மாதிரி தைத்துத் தரலாம். அதே துணி, அதே நிறம், பக்கத்துக்கு ஒரு ஜிப் கூடுதல். நிர்வாகம் கேட்காவிட்டால் அளவெடுக்க வருகிற டெய்லரிடம் நீங்களே கேளுங்கள்.