பிரஜாவுரிமை வேண்டாம் என்கிறவர்கள்

அமெரிக்காவில் ஒரு கூட்டத்தார் தங்களுக்கு அந்த நாட்டின் பிரஜாவுரிமை வேண்டாம் என்கிறார்கள். “நாங்கள் இண்டியானா பிரஜை, டெக்சஸ் பிரஜை, அமெரிக்க மத்திய அரசாங்கத்தின் பிரஜை அல்ல, ஆகவே அதன் வரியும் சட்டமும் எங்களைக் கட்டாது” என்பது அவர்கள் வாதம். ஒரு பத்திரம் எழுதி, நொத்தாரிசிடம் முத்திரை குத்தி, அரசாங்கத்துக்கு அனுப்பிவிட்டால் ஆள் சுதந்திரமாம். அந்தப் பத்திரத்தை எழுதிக் கொடுத்துக் காசு பார்க்கும் ஆட்களும் இருக்கிறார்கள்.

யாரோ பைத்தியக்காரர் பேச்சு, நமக்கென்ன என்று விட்டுவிடலாம். ஆனால் இந்தப் பேச்சு எங்கிருந்து முளைத்தது என்று பார்த்தால், தோட்டத்துச் சனங்களுக்கு அது புதிய விசயமில்லை.

1857இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம், கறுப்பு மக்கள் அடிமையாக இருந்தாலும் விடுதலை பெற்றிருந்தாலும் அந்த நாட்டுப் பிரஜைகளாக முடியாது என்று தீர்ப்பளித்தது. பிறகு உள்நாட்டு யுத்தம் நடந்து அடிமைமுறை ஒழிந்தது. 1868இல் அரசியலமைப்பில் 14ஆவது திருத்தம் வந்தது. அந்த மண்ணில் பிறந்து அதன் சட்டத்துக்கு உட்பட்டவர் நாட்டுக்கும் பிரஜை, தான் வாழும் மாநிலத்துக்கும் பிரஜை என்று ஒரே வாக்கியத்தில் எழுதினார்கள். காரணம் இருந்தது. தென் மாநிலங்களின் கையில் விட்டால் அவை கறுப்பு மக்களை ஆளாகவே மதித்திருக்காது.

1970களில் போசி கொமிட்டாட்டஸ் என்ற வெள்ளை இனவாத இயக்கத்தார் இதைத் தலைகீழாக்கினார்கள். வெள்ளையரே மாநிலத்தின் அசல் பிரஜைகளாம். 14ஆவது திருத்தத்தால் வந்தவர்கள் அரசாங்கம் செய்துவிட்ட இரண்டாந்தரப் பிரஜைகளாம். இன்று அந்த வேர் தெரியாமல் கறுப்பு மக்களிலும் சிலர் இதே பாட்டைப் பாடுகிறார்கள் என்பதுதான் கொடுமை.

சட்டத்தில் இதற்கு ஒரு நூல் பிடி உண்டு. 1873இல் உச்ச நீதிமன்றம், நாட்டுப் பிரஜாவுரிமையும் மாநிலப் பிரஜாவுரிமையும் வேறு வேறு என்று சொன்னது. ஒன்றைக் கழற்றி வைத்துவிட்டு வரியிலிருந்து தப்பலாம் என்று அது சொல்லவில்லை. வரி ஏய்ப்பில் மாட்டிய ஒருவர், தான் இண்டியானாவின் பிரஜை மட்டுமே என்று வாதாடிப் பார்த்தார். 1991இல் சிக்காகோ மேன்முறையீட்டு நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. குற்றத் தீர்ப்பு நின்றது. இப்படிப்பட்ட வாதத்தை வைத்து வரிப்படிவம் கொடுத்தால் இப்போது 5,000 டொலர் தண்டம்.

உண்மையிலேயே பிரஜாவுரிமையைத் துறக்க அமெரிக்கச் சட்டத்தில் வழி உண்டு. வெளிநாட்டில் அந்நாட்டுத் தூதரக அதிகாரி முன் நின்று சத்தியம் செய்ய வேண்டும். அப்புறம் அவர் அமெரிக்காவுக்கு அந்நியர். இந்த வீரர்கள் அந்தப் பக்கம் போகமாட்டார்கள். நாட்டில் இருக்கவும் வேண்டும், நாட்டுக்குக் கட்டுப்படவும் கூடாது!

நம் பாட்டன்மார் எதையும் உதறவில்லை. 1947 தேர்தலில் இலங்கை இந்தியன் காங்கிரஸ் 7 பேரைப் பாராளுமன்றம் அனுப்பியது. 1948இல் பிரஜாவுரிமைச் சட்டம் வந்தது. அப்பன் இங்கே பிறந்தானா, இல்லையேல் பாட்டனும் பூட்டனும் இங்கே பிறந்தார்களா என்று அத்தாட்சி கேட்டது. லயத்தில் பிறந்தவனுக்கு எந்தப் பிறப்புச் சான்றிதழ்? அந்தச் சட்டத்திலும் வம்சாவழிப் பிரஜை, பதிவுப் பிரஜை என்று இரண்டு வகை. அசல், நகல் என்று பிரிக்கும் அமெரிக்கப் பேச்சு நம் காதுக்குப் பழகினது அதனால்தான். வாக்கும் போனது, 1952 தேர்தலில் நமக்கு ஒரு ஆசனமும் இல்லை. 1964 ஒப்பந்தத்தில் 525,000 பேர் இந்தியாவுக்கு, 300,000 பேர் இலங்கைக்கு, மீதி 150,000 பேரைப் பிறகு பார்ப்போம் என்று ஆட்களைப் பங்கு வைத்தார்கள். எஞ்சியவர்களுக்காக 2003இலும் ஒரு சட்டம் போட வேண்டியிருந்தது.

இந்த அமெரிக்கர்கள் தங்களை “பிரஜை அல்ல, தேசத்தவர் மட்டும்” என்று அழைத்துக்கொள்வதும் உண்டு. அப்படி நிஜமாகவே இருக்கிறவர்கள் அமெரிக்கன் சமோவா தீவில் பிறந்தவர்கள். “பிரஜை அல்ல” என்று அவர்களுடைய கடவுச்சீட்டிலேயே எழுதியிருக்கும். யூட்டா மாநிலத்தில் குடியிருந்து வரி கட்டினாலும் வாக்கில்லை. அங்கே வாழும் சிலர் பிரஜாவுரிமை கேட்டு வழக்குப் போட்டார்கள். தங்கள் நிலவழமை கெட்டுவிடும் என்று பயந்து சமோவா அரசாங்கமே அந்த வழக்கை எதிர்த்தது. அது அவர்கள் தமக்குள் பேசித் தீர்க்க வேண்டிய வழக்கு. கீழ் நீதிமன்றத்தில் வென்றார்கள், 2021இல் மேன்முறையீட்டில் தோற்றார்கள், 2022 ஒக்டோபரில் உச்ச நீதிமன்றம் வழக்கை எடுக்கவே மறுத்தது. பத்திரம் விற்கிற ஆசாமிகள் முதலில் அவர்களிடம் போய் விற்றுப் பார்க்கட்டும்.